மின்விசையால் விண்கலம் செலுத்தும் நெறியை முன்கண்ட பேராசிரியர் றொபேட் கொடாட்

பெரியார் ஒருவரை உலகம் ஒரு செயலுக்காக நினைவிற் கொள்ளுமாயின், அவர் செய்த ஏனைய செயல்கள் அச்செயலின் நிழலிலே மறைந்து போதல் இயல்பு. அமெரிக்க நாட்டுப் பௌதிகப் பேராசிரியர் றொபேட் ஹச்சிங்ஸ் கொடாட் என்பாரின் வரலாறும் அத்தகையதே. 1926 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 16 ஆந் திகதி, திரவ எரிபொருளால் இயங்கும் றொக்கற் ஒன்றை உலகில் முதன் முதலாக வானிற் செலுத்தியவர் அவர் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். ஆயின், அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னர், தாமே ஒரு மாணவராய் இருந்த காலத்தில், எதனையும் எரியாது மின்விசையைக் கொண்டே விண்கலத்தை உந்துதல் கூடுமோ என்ற வினாவை அவர் எழுப்பினார் என்பதையும், பின்னர் அவ்வினாவை ஆய்வுகூடத்திற் பரிசோதித்து ஆக்கவுரிமையும் பெற்றார் என்பதையும் அறிந்தோர் சிலரே. கோள்களுக்கிடையே இயங்கும் மின் உந்துபொறிகளையும் பிளாஸ்மா உந்துபொறிகளையும் பற்றி நாம் படிக்கும் இந்நாளில், அந்நெறியை அத்துணை முற்பட்ட காலத்திலே கண்டவரின் வாழ்வை அறிதல் நன்று. கண்ட நெறியை அவர் ஏன் பல்லாண்டு ஒருபுறம் வைத்தார் என்பதை அறிதல் அதனினும் நன்று.

இளமையும் நோயும்

கொடாட் 1882 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 5 ஆந் திகதி மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரிற் பிறந்தார். தந்தையார் கணக்கெழுதும் பணி புரிந்தவர்; பொறிகளிலும் புதுமைகளிலும் ஈடுபாடு மிக்கவர். மைந்தனின் அறிவார்வத்தைக் கண்டு தொலைநோக்கியும் நுணுக்குக்காட்டியும் வாங்கிக் கொடுத்து ஊக்கினார். பொஸ்ரன் நகரில் வாழ்ந்து வந்த குடும்பம், தாயாரைக் கசநோய் பற்றியமையால், 1898 இல் மீண்டும் வூஸ்டருக்கே திரும்பியது. மைந்தரும் உடல் வலிமை இல்லாதவர். அடுத்தடுத்து நோயுற்றுப் பாடசாலைக்குச் செல்ல இயலாது, தம் வயதினரினும் இரண்டு ஆண்டு பின்தங்கினார். அந்நாள்களில் ஊர்ப் பொது நூல்நிலையமே அவருக்குப் பாடசாலையாயிற்று. படுக்கையிற் கிடந்தவாறே பௌதிக நூல்களைத் தாமாகப் படித்துத் தேர்ந்தார்.

செவ்வாய்க் கிரகத்தார் பூமியின்மேற் படையெடுத்து வருவதாக ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் எழுதிய கதையை அவர் 16 வயதிற் படித்தார். அக்கதை அவருள்ளத்தில் ஆழப் பதிந்தது. 1899 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 19 ஆந் திகதி, வீட்டுப் பின்வளவில் நின்ற செரி மரமொன்றின் பட்ட கிளைகளை வெட்டுவதற்காக ஏறியவர், கீழே பரந்து கிடந்த புல்வெளியை நோக்கியபொழுது, செவ்வாய் வரை செல்லவல்ல கருவியொன்றை ஆக்குதல் எத்துணை வியப்புக்குரியதாகும் என எண்ணினார். மரத்தில் ஏறிய சிறுவன் வேறு. இறங்கியவன் வேறு என்று சொல்லத்தக்க மாற்றம் அன்று நிகழ்ந்தது. தம் வாழ்வின் நோக்கம் வகுக்கப்பட்ட நாளாக அத்திகதியை அவர் இறுதிவரை ஆண்டுதோறும் நினைந்து போற்றி வந்தார்.

நோயால் இழந்த ஆண்டுகளை ஈடுசெய்து, 1904 இல், 21 வயதில், உயர்தரப் பாடசாலையை முதன்மை மாணவராய் விட்டு நீங்கினார். பின்பு வூஸ்டர்த் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1908 இற் பட்டம் பெற்றார். அங்கு மாணவராய் இருக்கையில், பௌதிகக் கட்டடத்தின் நிலவறையில் வெடிமருந்து றொக்கற் ஒன்றைக் கொளுத்திக் கட்டடம் முழுவதையும் புகையால் நிறைத்தார். கல்லூரியார் அவரைத் தண்டியாது அவர் முயற்சியில் அக்கறை காட்டினர். ஆசிரியரின் பொறுமை எத்துணைப் பெரிய பயனைத் தரும் என்பதற்கு இஃது ஒரு சான்று. பின்னர் அதே நகரிலுள்ள கிளார்க் பல்கலைக்கழகத்தில் 1911 இற் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

1906 ஆம் ஆண்டின் வினா

1906 ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதம் 6 ஆந் திகதி, இரண்டாண்டு மட்டுமே உயர்கல்வி பயின்றிருந்த அவ்விளைஞர், தமது குறிப்பேட்டில் ஒரு வினாவை எழுதினார். மிகவுயர்ந்த மின்னழுத்தத்தைக் கொண்டு இலத்திரன்களை ஒளியின் வேகத்திற்கு நிகராக வெளியேற்ற இயலுமா, அவ்வாறாயின் அதனால் விளையும் எதிர்த்தாக்கம் எத்துணையது என்பதே அதன் கருத்து. இலத்திரன் என்ற துணிக்கை கண்டறியப்பட்டு அப்பொழுது 9 ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகாய விமானமோ மூன்று ஆண்டுக் குழந்தை. மனிதன் தரையிலிருந்து சில அடி எழும்புவதே செய்தியாய் இருந்த காலத்தில், கோளிலிருந்து கோளுக்குச் செல்லும் வழியை அவர் ஆராயப் புகுந்தார்.

அவ்வினாவின் பெருமையை உணர வேண்டுமாயின் றொக்கற்றின் தத்துவத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். அசையாத நீரில் நிற்கும் தோணி ஒன்றில் இருப்பவன், கற்களை ஒவ்வொன்றாய்ப் பின்னோக்கி எறிவானாயின், தோணி முன்னோக்கி நகரும். எறியும் வேகம் மிகுந்தால், தோணி குறித்த வேகத்தை அடைவதற்கு வேண்டிய கற்கள் குறையும். றொக்கற் எறியும் கல், அதன் வாயிலிருந்து வெளிப்படும் வாயுவே. எரிபொருளை எரித்துப் பெறும் வாயுவின் வேகத்துக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையை வகுப்பது எரிபொருளின் இரசாயனப் பிணைப்புகளில் அடங்கியுள்ள சத்தி. ஐதரசனும் ஒட்சிசனும் எரிகின்ற மிகச் சிறந்த றொக்கற்றிலும் அவ்வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 4.5 கிலோமீற்றரைத் தாண்டுவதில்லை. ஆதலின் நெடுந்தூரம் செல்லும் கலம், தன் திணிவிற் பெரும்பங்கை எரிபொருளாகவே சுமக்க நேரிடுகின்றது.

மின்விசையால் உந்தும் பொறியில் எறியப்படும் பொருள் வேறு, எறியும் சத்தி வேறு. பொருளைக் கலம் சுமந்து செல்கின்றது. சத்தியைச் சூரியனிடமிருந்தோ பிறவழியாலோ பெற்றுக்கொள்கின்றது. வாயுவின் அணுவிலிருந்து ஓர் இலத்திரனைப் பிரித்தெடுப்பின் அவ்வணு நேரேற்றம் பெற்ற அயனாகும். அந்த அயனை மின்புலம் பற்றி இழுத்து, விநாடிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திலும் எறியவல்லது. இரசாயன எரிபொருளினும் ஆறு ஏழு மடங்கு வேகமாக எறியப்படுவதால், அதே பயணத்திற்கு வேண்டிய பொருள் பன்மடங்கு குறைகின்றது. கொடாட் கண்ட நெறி இதுவே.

ஆயின் இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. எறியும் வேகம் இருமடங்காயின், ஒவ்வொரு கிராம் பொருளுக்கும் செலவாகும் சத்தி நான்கு மடங்காகும். கலம் ஏந்திச் செல்லக்கூடிய மின்வலு சிறிதாகையால், ஒரு பொழுதில் எறியக்கூடிய பொருளும் மிகச் சிறிது. அதனால் உண்டாகும் உந்துவிசையும் மிகச் சிறிது. அன்றியும், வேறொரு தடையும் உண்டு. ஒருவகை ஏற்றமுடைய துணிக்கைகளையே கலம் வெளியேற்றிக் கொண்டிருந்தால், எதிர் ஏற்றம் கலத்திலே தங்கிப் பெருகும். வெளியேறிய துணிக்கைகளை அது மீண்டும் தன்பால் இழுத்துக்கொள்ளும், உந்துகை நின்றுவிடும். ஆகவே வெளியேறும் தாரையை எதிர் ஏற்றத்தால் நடுநிலைப்படுத்துதல் வேண்டும். பிற்காலத்தார் பெரிதும் கவலையுற்ற இத்தேவையைக் கொடாட் தாமே உணர்ந்திருந்தார் என்பது அவரது கூர்மதியைக் காட்டுகின்றது.

அடுத்த ஆண்டில், கோள்களுக்கிடையே பயணஞ் செய்தல் பற்றி அவர் எழுதிய கட்டுரையை வெளியிடப் பத்திரிகைகள் மறுத்துவிட்டன. அவர் அதைப் பொருட்படுத்தாது குறிப்பேட்டை நிரப்பிக் கொண்டே சென்றார்.

சாவின் வாயிலிலிருந்து

1912 இற் பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சியாளராய்ச் சேர்ந்த கொடாட், பகலில் மின் ஆராய்ச்சியும் இரவில் றொக்கற் கணக்குகளுமாய் உழைத்தார். உடல் தாங்கவில்லை. 1913 ஆம் ஆண்டின் முற்பகுதியிற் கசநோய் அவரைக் கடுமையாகப் பற்றியது. மருத்துவர் நம்பிக்கை இழந்து நாளை எண்ணினர். வூஸ்டரிலே படுத்த படுக்கையாய்க் கிடந்தவர், நாளொன்றுக்குச் சிறிது நேரமே எழுத இயலும் என்ற நிலையிலும், தம் எண்ணங்களை ஆக்கவுரிமை விண்ணப்பங்களாக வரைந்தார். தம்மோடு அவை அழிந்து போதலாகாது என்பதே அவர் கவலை. நோயோ மெல்ல விலகிற்று. 1914 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவருக்கு இரண்டு ஆக்கவுரிமைகள் கிடைத்தன. பல அடுக்குகளாக அமைந்த றொக்கற் பற்றியது ஒன்று. திரவ எரிபொருளைப் பயன்படுத்தும் றொக்கற் பற்றியது மற்றொன்று. இவ்விரண்டும் இன்றைய விண்பயணத்தின் தூண்கள்.

அவ்வாண்டிலேயே கிளார்க் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராய்ப் பணி ஏற்றார். அது சிறியதொரு நிறுவனம். கருவிகள் குறைவு, பணமும் குறைவு. பாடங் கற்பித்தது போக எஞ்சிய நேரமே ஆராய்ச்சிக்கு உரியது. அங்கு 1915 இல் வெடிமருந்து றொக்கற்றுக்களுக்கு ஒடுங்கி விரியும் வாய்க்குழலைப் பொருத்திப் பரிசோதித்தார். 2 வீதமாய் இருந்த செயற்றிறன் 63 வீதம் வரை உயர்ந்தது. காற்று அகற்றப்பட்ட குழாயினுள்ளே றொக்கற்றைக் கொளுத்தி, காற்றில்லாத வெற்றிடத்திலும் அது உந்துவிசை தரும் என்பதையும் ஐயந்திரிபற நிறுவினார்.

அக்காலத்திலேதான் தமது பழைய வினாவை மீண்டும் கையிலெடுத்தார். 1916 ஆம், 1917 ஆம் ஆண்டுகளிற் கிளார்க் ஆய்வுகூடத்தில் மின்னேற்றம் பெற்ற வாயுத் தாரைகள் பற்றிய பரிசோதனைகள் நடைபெற்றன. அவற்றின் பயனாக 1917 இல் விண்ணப்பித்து 1920 இற் பெற்ற ஆக்கவுரிமையில், வாயுவை மின்னேற்றி மின்புலத்தால் விரைவித்து வெளியேற்றும் அமைப்புகளை வரைந்து விளக்கினார். உந்துகைக்கெனவே வரையப்பட்ட முதல் அயன் விரைவாக்கி அப்பத்திரத்திற் காணப்படுகின்றது என்பது இத்துறை வரலாற்றை ஆராய்ந்தோர் முடிபு.

எள்ளலும் ஒதுக்கமும்

1917 ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் வாஷிங்ரன் நகரிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனம் அவருக்கு 5,000 டொலர் உதவி வழங்கியது. அந்நிறுவனத்தின் வாயிலாக வெளிவந்த அவரது ஆராய்ச்சி நூல், மிகவுயர்ந்த வான்பகுதிகளை அடையும் முறையைக் கூறுவது. அந்நூலின் இறுதியில், போதிய பெருமையுடைய றொக்கற் சந்திரனையும் எட்டும் என்று ஒரு சிறு பகுதியிற் குறிப்பிட்டிருந்தார். செய்தித்தாள்கள் ஏனையவற்றையெல்லாம் விட்டு அதனையே பிடித்துக்கொண்டன. 1920 ஆம் ஆண்டு ஜனவரி 13 ஆந் திகதி நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை தன் ஆசிரியர் பகுதியில், காற்றில்லாத இடத்தில் றொக்கற் எதனை உதைத்துச் செல்லும் என்று வினவி, பாடசாலை மாணவர் அறிந்ததனையும் பேராசிரியர் அறியார் என்ற கருத்துப்பட ஏளனஞ் செய்தது. தாம் பரிசோதனையால் நிறுவிய உண்மையை அறியாதோர், தம்மை அறியாதவர் என்று தூற்றக் கேட்பது எத்துணைக் கொடிது!

அந்த ஏளனம் ஓய்வதற்கு முன், அதே ஆண்டு மார்ச்சு மாதத்தில், அவர் ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு ஓர் அறிக்கை வரைந்தார். சந்திரனையும் கோள்களையும் அண்மையிலிருந்து ஒளிப்படம் எடுத்தல், விண்வெளியிற் சூரிய சத்தியைப் பயன்படுத்தல், அதிவேக அயன்களால் உந்துதல் என்பன அதிற் பேசப்பட்டன. உலகம் நகைத்த பொழுதும் அவர் உள்ளம் தன் நெறியினின்றும் பிறழவில்லை.

ஆயினும் அவ்வெள்ளல் அவரிடத்தே ஒரு வடுவை விட்டுச் சென்றது. இயல்பாகவே அடக்கமுடையவர், அதன்பின் மேலும் ஒதுங்கினார். தம் முடிபுகளை வெளியிடத் தயங்கினார். 1936 இற் கலிபோர்னியாவிலிருந்து பிராங் மலினா என்ற இளம் ஆராய்ச்சியாளர் நேரிற் சென்று கண்டபோதும், தம் ஆய்வின் நுட்பங்களை அவர் திறந்து கூறவில்லை. அதன் விளைவு, அவர் அரிதிற் கண்டவற்றைப் பிறர் மீண்டும் முதலிலிருந்தே காண வேண்டியதாயிற்று. மின்னுந்துகையிலும் அவ்வாறே நிகழ்ந்தது. உருசிய நாட்டுச் சியோல்கோவ்ஸ்கி 1911 இல் அக்கருத்தைத் தாமாகக் குறிப்பிட்டார். ஜேர்மனியில் ஹேர்மன் ஒபேர்த் 1929 இல் வெளியிட்ட நூலின் ஓர் அதிகாரத்தை அதற்கென ஒதுக்கினார். லெனின்கிராட் ஆய்வுகூடத்திற் குளுஷ்கோ என்பார் மின்னால் இயங்கும் உந்துபொறியை அவ்வாண்டளவில் ஆக்கத் தொடங்கினார். பின்வந்த ஆராய்ச்சியாளரை வழிநடத்தியது ஒபேர்த்தின் நூலேயன்றிக் கொடாட்டின் குறிப்பேடன்று. பெரியாரின் வரலாற்றைக் கூறுமிடத்து அவர் பெருமையை மட்டுமே கூறி, அறிவைப் பூட்டி வைத்ததனால் வந்த இழப்பை மறைத்தல் முறையாகாது.

முதற்படியைத் தேர்ந்தமை

இனி, மின்னுந்துகையை அத்துணைத் தெளிவாய்க் கண்டவர் அதனை ஏன் மேலும் வளர்க்கவில்லை என்ற வினா எழும். அதற்குரிய விடை அப்பொறியின் இயல்பிலேயே உள்ளது. மின் உந்துபொறியின் விசை ஒரு தாளைத் தாங்கும் அளவினது. அது பூமியின் ஈர்ப்பை வென்று எந்தக் கலத்தையும் தரையிலிருந்து எழுப்ப மாட்டாது. விண்வெளியை அடைந்த பின்னரே அதற்கு வேலை. ஆகவே விண்வெளியை அடையச் செய்யும் வலிய றொக்கற்றை ஆக்குவதே முதற்கடன். அயன்களாற் கோள்களுக்குச் செல்லும் கனவு இனியது. குழாய்களும் வால்வுகளும் வெடித்துச் சிதறும் திரவ றொக்கற்றின் வேலை இன்னாதது. கொடாட் இனியதை ஒருபுறம் வைத்து இன்னாததைக் கையேற்றார்.

1926 ஆம் ஆண்டு மார்ச்சு 16 ஆந் திகதி, ஓபேர்ண் என்னும் ஊரில், உறவினரான எபி அத்தையின் பண்ணையில், பனி மூடிய நிலத்தின்மேல் அவரது றொக்கற் நிறுத்தப்பட்டது. பெற்றோலும் திரவ ஒட்சிசனும் அதன் எரிபொருள்கள். அது இரண்டரை விநாடியே பறந்தது. 41 அடி உயர்ந்து, 184 அடிக்கு அப்பால் விழுந்தது. அருகிருந்த கோவாத் தோட்டமே அது சென்றடைந்த உலகம். நம்மூர்த் தென்னையின் உயரத்தையும் அது தாண்டவில்லை எனலாம். ஆயினும் சந்திரனுக்குச் சென்ற பாதையின் முதலடி அதுவே. அவர்தம் மனைவியார் எஸ்தர் அம்மையார் உடனிருந்து ஒளிப்படம் எடுத்தார். 1924 இல் அவரை மணந்த அம்மையார், கணவரின் எழுத்துக்களைப் படியெடுத்தும் பரிசோதனைகளைப் படம்பிடித்தும் இறுதிவரை துணைநின்றார்.

1929 இல் மற்றொரு றொக்கற் பேரொலியுடன் எழுந்தமையால் அயலார் அஞ்சினர். அதிகாரிகள் அங்கு பரிசோதனை செய்தலைத் தடுத்தனர். அச்செய்தியைப் படித்த விமான வீரர் சாள்ஸ் லிண்ட்பேர்க் அவரைத் தேடிவந்து, செல்வந்தராகிய டானியல் குகன்ஹைம் என்பாரின் உதவியைப் பெற்றுக் கொடுத்தார். 1930 இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்து றொஸ்வெல் என்ற வறண்ட நிலத்திற் குடியேறிய கொடாட், சில உதவியாளருடன் பல்லாண்டு உழைத்தார். கைரோஸ்கோப்பு என்னும் சுழற்கருவியாற் றொக்கற்றை நெறிப்படுத்தும் முறையை 1935 இல் வெற்றியுடன் செயற்படுத்தினார். 1937 இல் ஏவிய ஒன்று 8,000 அடிக்கு மேல் உயர்ந்தது. 1938 ஆம் ஆண்டுப் பெரும் புயலில், வூஸ்டரில் நின்ற அச்செரி மரம் வீழ்ந்தது. அச்செய்தியைத் துயருடன் நாட்குறிப்பிற் பதிந்துவிட்டு, அவர் தம் வேலையைத் தொடர்ந்தார்.

போர்க்காலத்திற் கடற்படையினருக்காக விமானங்களை எழுப்ப உதவும் றொக்கற்றுக்களை ஆராய்ந்து வந்த கொடாட், தொண்டைப் புற்றுநோயால் 1945 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதம் 10 ஆந் திகதி பால்ற்றிமோர் நகரிற் காலமானார். விண்வெளியை எட்டிய கலம் எதனையும் தாம் அனுப்பியதாகக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. அவர் பெயரில் உள்ள 214 ஆக்கவுரிமைகளில் 131, எஸ்தர் அம்மையார் அவர் மறைவுக்குப் பின் அவர்தம் குறிப்புகளைக் கொண்டு விண்ணப்பித்துப் பெற்றவை. 1959 இல் அமெரிக்க விண்வெளி நிலையம் ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1960 இல் அவருடைய ஆக்கவுரிமைகளைப் பயன்படுத்தியமைக்காக அமெரிக்க அரசு 10 இலட்சம் டொலர் வழங்கியது. 1969 ஆம் ஆண்டு யூலை 17 ஆந் திகதி, மனிதர் சந்திரனை நோக்கிச் சென்றுகொண்டிருக்கையில், நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை தனது 49 ஆண்டுப் பழமையான பிழைக்கு வருத்தந் தெரிவித்தது.

வித்து விளைந்தமை

அவர் ஒருபுறம் வைத்த மின்னுந்துகையின் காலமும் பின்னர் வந்தது. 1959 ஆம், 1960 ஆம் ஆண்டுகளிற் கிளீவ்லன்ட் நகரிலுள்ள ஆய்வுநிலையத்தில் ஹரல்ட் கவ்மன் என்பார் பாதரச ஆவியை அயனாக்கி எறியும் பொறியை ஆக்கி இயக்கினார். 1964 ஆம் ஆண்டு யூலை 20 ஆந் திகதி ஏவப்பட்ட முதலாவது சேர்ட் கலத்தில் அப்பொறி 31 நிமிடம் இயங்கிற்று. வெளியேறும் அயன் தாரையை இலத்திரன்களால் நடுநிலைப்படுத்துதல் விண்வெளியிற் கைகூடுமா என்ற ஐயம் அன்று தீர்ந்தது. கொடாட் உணர்ந்திருந்த தடை, உணர்ந்த அரை நூற்றாண்டுக்குப் பின் கடக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் மாதத்திற் சோவியத் நாடு செவ்வாயை நோக்கி ஏவிய இரண்டாவது சொண்ட் கலம் பிளாஸ்மா உந்துபொறிகளைத் தாங்கிச் சென்றது.

பிளாஸ்மா என்பது அயன்களும் இலத்திரன்களும் கலந்து, மொத்தத்தில் நடுநிலையாய் இருக்கும் மின்னேறிய வாயு. அயன் பொறியில் நேரேற்றத் துணிக்கைகள் மட்டுமே கம்பி வலைகளினூடே இழுக்கப்படுகின்றன. அவை ஒன்றையொன்று தள்ளுவதால், தாரையை ஓரளவுக்குமேற் செறிவாக்க இயலாது. சோவியத் அறிஞர் அலெக்சி மொறசோவ் தலைமையில் ஆக்கப்பட்ட பிளாஸ்மாப் பொறியில் வலைகள் இல்லை. வளைய வடிவமான கால்வாயிற் காந்தப்புலம் இலத்திரன்களைச் சிறைப்படுத்திச் சுழலச் செய்கின்றது. அங்கு நிலைபெறும் மின்புலம், காந்தத்துக்கு எளிதில் வளையாத கனத்த அயன்களை வெளியே எறிகின்றது. இவ்வகைப் பொறி 1971 ஆம் ஆண்டு இறுதியில் ஏவப்பட்ட மீற்றியோர் என்ற வானிலைக் கோளிற் பரிசோதிக்கப்பட்டது. அதன்பின் எண்ணிறந்த செய்மதிகளைத் தத்தம் இடத்திற் பேணியவை இத்தகைய பொறிகளே. தென்னாசிய நாடுகளின் பயனுக்கென இந்தியா 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏவியதும் இலங்கை பங்குபற்றியதுமான செய்மதியிலும் மின்னுந்துகை அமைந்திருந்தது. சைக்கி என்னும் சிறுகோளை நோக்கி 2023 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் ஏவப்பட்ட கலமும் அவ்வகைப் பொறிகளையே கொண்டது.

இவை யாவற்றினும் கொடாட்டின் எண்ணத்தை நிறைவேற்றியது 2007 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27 ஆந் திகதி ஏவப்பட்ட டோன் என்னும் கலம் எனலாம். அதன் அயன் பொறியின் மிகவுயர்ந்த உந்துவிசை, இரண்டு எழுத்துத்தாள்கள் கையை அழுத்தும் நிறைக்கே ஒப்பாகும். நிலையிலிருந்து புறப்பட்டு மோட்டார் வண்டியின் சாதாரண வேகத்தை அடைவதற்கே அதற்கு நான்கு நாள் ஆகும். ஆயினும் நாளுக்கு நாள், ஆண்டுக்கு ஆண்டு, ஓயாது உந்தி, தன் வேகத்தை விநாடிக்கு 11 கிலோமீற்றருக்கு மேல் மாற்றிக் கொண்டது. 2011 இல் வெஸ்தாவையும் 2015 இற் செரசையும் அடைந்து, பூமிக்கு அப்பால் இரு வேறு உலகங்களை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சுற்றிவந்த முதற் கலம் என்ற புகழைப் பெற்றது. அதன் பணி 2018 இல் முடிவெய்தியது. இக்கலத்தைத் தரையிலிருந்து எழுப்பிய றொக்கற்றின் முதலடுக்கு திரவ ஒட்சிசனால் எரிந்தது. விண்ணிற் செலுத்தியதோ மின்விசை. 1926 இற் பண்ணையில் எழுந்ததும், 1906 இற் குறிப்பேட்டில் எழுதப்பட்டதும், ஒரு கலத்திலே ஒன்று சேர்ந்தன. முதற்படியை அவர் முதலில் வைத்திராவிடின் இரண்டாம் படிக்கு இடமேது?

மாணவர்காள்! எறும்பூரக் கல்லும் தேயும் என்பர் நம் முன்னோர். மின் உந்துபொறியின் தத்துவமும் அதுவே. கொடாட்டின் வாழ்வும் அதுவே. நோய் மிக்க உடல், சிறிய கல்லூரி, குறைந்த பணம், உலகத்தின் நகை ஆகிய இவற்றினிடையே, ஒரு நாளைக்கு ஒரு சிறிதளவாக, 40 ஆண்டுகளுக்கு மேல் அவர் தம் குறிக்கோளை உந்தி வந்தார். பெருங்கனவு காண்போர் பலர். அக்கனவுக்கு முற்பட்டுச் செய்ய வேண்டிய கடினமான சிறுபணியை ஏற்போர் சிலர். ஆசிரியரும் பழைய மாணவரும் அவர் வாழ்விலிருந்து கொள்ளத்தக்கது மற்றொன்றும் உண்டு. நிலவறையிற் புகையெழுப்பிய மாணவனைப் பொறுத்த ஆசிரியர் இல்லையேல் கொடாட் இல்லை. தாம் கண்டதைத் தயங்காது பகிர்ந்திருப்பாரேல் அவர் நட்ட வித்து இன்னும் விரைவில் முளைத்திருக்கும். விழாக் கொண்டாடும் நம் கல்லூரியின் வகுப்பறைகளிலும், ஏதோ ஒரு குறிப்பேட்டில், இன்று எவரும் விடையறியாத வினாவொன்று எழுதப்பட்டிருத்தல் கூடும். அதனை எழுதிய கையை நாம் அறிந்து ஊக்குவோமாக.